இரண்டாவது பிரேக்

சாப்பாட்டு மேசைக்கு அடியில் வலது கால் ஓங்கித் தரையை மிதிக்கிறது. தட்டுகள் ஒரு குதி குதித்து அடங்குகின்றன. யாரும் பதறவில்லை. வீட்டுக்காரர் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வெறுங்கையால் தொடப் போனார், அவ்வளவுதான் விஷயம். கால் சத்தம் கேட்டதும் அவருடைய கை பாதி வழியில் நின்றுவிட்டது. "சரிம்மா, பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணியைத் தேடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் கையைச் சுட்டுக்கொண்டது ஒரே ஒரு முறைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரிக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் உண்டு, பக்கத்தில் உட்காருகிற ஆசிரியருக்கு இன்னொன்று உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான் அக்காவின் வலது கால் காலையிலிருந்து மாலை வரை குடியிருக்கிறது. வேலை முடிந்து அக்கா காரைவிட்டு இறங்கிவிடுவார், கால் மட்டும் இறங்காது. லிஃப்டில் மிதிக்கும். பல் டாக்டர் ஊசியை எடுத்தால் மிதிக்கும். சினிமாவில் மலைப்பாதையில் வண்டி பறந்தால் முன்வரிசைக்காரர் முதுகில் உதை விழும். மகள் போனில் "வேலைய விட்டுடலாம்னு இருக்கேம்மா" என்று ஆரம்பித்தால் இந்தப் பக்கம் கால் பாய்ந்து தரையை அழுத்தும். "இரு இரு, கண்ணாடி பாத்தியா? பின்னால என்ன வருதுன்னு பாத்துட்டுத் திரும்பு" என்பார். செருப்பு தைப்பவரிடம் ஒற்றை வலது செருப்போடு போய் நிற்கிற வாடிக்கையாளர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

அக்காவிடம் கற்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். ஒரு கணக்காளர், விளக்குக் கம்பத்தை ஒட்டிப் போகும்போதெல்லாம் அதனிடம் "மன்னிக்கணும்" என்பார். ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஒவ்வொரு சந்திப்பிலும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பச்சை விளக்கு வரத் தாமதமானால் முகம் சிவந்து கண் பிதுங்கும். "இது தண்ணி இல்லம்மா, ரோடு. மூச்சு விட்டுக்கோ" என்று அக்கா ஞாபகப்படுத்துவார். ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர், உற்சாகம் வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தொடையில் தாளம் போடுவார். அவர் உற்சாகமாக இருக்கக் கூடாதே என்று அக்கா வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

காருக்கு வெளியே அக்காவுக்கு அத்தனை பேரும் "வாங்க, போங்க". உள்ளே ஏறி பெல்ட்டை மாட்டியதும் மரியாதை கழன்றுவிடும். கணக்காளரும் "நீ", வாத்தியாரும் "நீ". அவர்களும் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பெல்ட்டைக் கழற்றினால் மறுபடியும் "நல்லா ஓட்டுனீங்க சார்". இதைப் பற்றிக் கேட்டால் அக்காவுக்கு ஒன்றும் புரியாது. அப்படியா பேசுகிறேன் என்று திருப்பிக் கேட்பார்.

அக்காவின் குரல் மட்டும் எப்போதும் ஏறாது. எதிரே லாரி வந்தாலும் தூங்கும் குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற தொனிதான். "பயப்படு. பயப்படாதன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ஸ்டியரிங்க விட்டுட்டுப் பயப்படாத." வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் பயத்தை அவரிடம் இறக்கி வைத்துவிட்டு லேசாகிப் போவார்கள். இறக்கி வைத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கெண்டைக்கால் சதை கருங்கல்லாக இறுகிக் கிடக்கும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வீட்டுக்காரர் மாலையில் எண்ணெய் போட்டு உருவிவிட்டு, "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பிரேக்தான், ஆனா கம்பெனி பிரேக்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

போன வருஷம் பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே சமயத்தில் நின்றுவிட்டார்கள். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா "நான் பாத்துக்கறேன்" என்றார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பதற்கு முன்பே தலையைக் கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை. விடிந்ததும் ஏறினால் தெருவிளக்கு எரியும்போதுதான் இறக்கம். மதியச் சாப்பாடு சிவப்பு விளக்குகளில் நடந்தது. கால் படுக்கையிலும் மிதிக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் நடுவில் தலையணையால் அணை கட்டினார், கால் அணையையும் உடைத்தது.

பிறகு ஒரு நாள் கால் நின்றுவிட்டது.

வீட்டில் கொண்டாட்டம். அங்கேதான் எல்லோரும் கோட்டைவிட்டார்கள். படுக்கையில் உதை இல்லை, மேசையில் தட்டு குதிக்கவில்லை. "அம்மா எவ்வளவோ தேவலை, அமைதியாயிட்டா" என்று வீட்டுக்காரர் மகளுக்குப் போனில் சொன்னார். வயசு ஆக ஆகப் பக்குவம் வருமில்லையா என்று நாத்தனார் தன் பங்குக்கு மெச்சினார். அக்காவும் நம்பினார். டென்ஷன் போய்விட்டது, கடைசியில் தொழில் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். சாப்பாடு மண்ணாக இருந்ததை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்காமல் நின்றதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மகள் கூப்பிட்டால் போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வளைவில் கையை விட்டுத் தாளம் போட்டபோது சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. வீட்டுக்காரர் கையைச் சுட்டுக்கொண்டது அந்த நாட்களில்தான். கை நீட்டினார், எதிரே இருந்த கண்கள் பார்த்தன, கால் அசையவில்லை. மனுஷர் சத்தம் போடாமல் போய் விரலைக் குழாயில் காட்டினார். ஏன் சத்தம் போடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

இந்த இடத்தில் தையல்காரம்மாவைச் சொல்லியாக வேண்டும். திரைச்சீலை தைக்கிறவர். ஆள் வாட்டசாட்டம், சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஓட்டுநர் தேர்வில் அவர் தோற்காத வகை இல்லை. ஒரு முறை திருப்பத்தில், ஒரு முறை நிறுத்துமிடத்தில், ஒரு முறை எல்லாம் சரியாக ஓட்டிவிட்டுக் கடைசியில் அதிகாரியை இறக்கிவிட மறந்து கிளம்பியதில். ஒவ்வொரு தடவையும் "விடுங்க அக்கா, துணியில தப்பாத் தெச்சா பிரிச்சுட்டுத் தெக்கறதில்லையா" என்று மறுநாளே வந்து நிற்பார். அவருக்கு லைசென்ஸ் வேண்டிய காரணம் தம்பி. தம்பி வண்டியில் ஏறினால் போகிற இடம் வருவதற்குள், அக்காக்காரி எப்படி வாழ வேண்டும் என்று ஒரு முழுப் பிரசங்கம் கேட்டாக வேண்டும்.

அந்த நாள் தையல்காரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். கிடங்கு வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. அக்கா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். லாரியின் பின்விளக்கில் ஒன்று உடைந்திருந்ததுகூடத் தெரிந்தது. கால் பிரேக்கின் மேல் அப்படியே கிடந்தது. மோதினால் மோதட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது, அதைச் சொல்வதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. கார் நின்றது. நிறுத்தியவர் தையல்காரம்மா. இடையில் ஒரு சாண் இருந்தால் அதிகம். அவர் முகமெல்லாம் வேர்த்து, வாயெல்லாம் பல்லாக அக்கா பக்கம் திரும்பினார்.

"நானே நிறுத்திட்டேன் அக்கா! நீங்க மிதிக்கவே இல்ல. என்மேல அவ்வளவு நம்பிக்கையா உங்களுக்கு?"

அக்கா தலையாட்டினார். பள்ளிக்கு வந்து பெல்ட்டைக் கழற்றி, நன்றாக ஓட்டினீர்கள் என்றும் சொன்னார். நேரே முதலாளியிடம் போய் சாவியை மேசைமேல் வைத்தார். இனி என்னை நம்பி யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்றார். வீட்டில் வீட்டுக்காரரிடம் லாரியைப் பற்றிச் சொன்னபோது அவர் தன் விரலை எடுத்துக் காட்டினார். கொப்புளம் காய்ந்து தோல் உரிந்திருந்தது. "அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அழுதார்கள். நெடுநாளைக்குப் பிறகு அக்காவுக்கு வந்த முதல் உருப்படியான காரியம் அந்த அழுகைதான்.

அடுத்த வாரம் பார்க்கப் போன மனநல டாக்டரம்மாவிடம் அக்கா வாதாடினார். "எனக்கு டென்ஷனே இல்ல டாக்டர். முன்னாடிதான் பயங்கரமா இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல."

"அந்த ஒண்ணுமே இல்லங்கறதுக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

ஓய்வு கொடுக்காமல் நாள் கணக்கில்லாமல் மனசை இழுத்துப் பிடித்தால் சிலருக்கு அது ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும், அதற்கு மனச்சோர்வு என்று பெயர், சோம்பேறித்தனமும் இல்லை, பக்குவமும் இல்லை, சரிசெய்யக்கூடிய நோய் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற பேருந்தில்தான் சுரீர் என்று உறைத்தது. ஊருக்கு வெளியே ஒரு நீண்ட இறக்கச் சாலை இருக்கிறது. அதன் உச்சியில் காரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் அவர் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. "இறக்கம் பூரா பிரேக்கையே மிதிச்சுட்டு வராத, சூடேறிடும். சூடேறுனா நெசமாவே வேணுங்கறப்ப பிடிக்காது. கியரக் குறை, வண்டி தன்னால அடங்கும்." எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஊருக்குத்தான் உபதேசம் என்று பேருந்திலேயே தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மாத்திரை, வாராவாரம் பேச்சு, கொஞ்சம் நடை. எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. எழுந்து பல் தேய்த்ததே அன்றைய சாதனையாக இருந்த நாட்கள் உண்டு. வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காரக் கற்றுக்கொண்டார். வாயாடி மனுஷருக்கு அது லென்ஸ் தேய்ப்பதைவிட நுணுக்கமான வேலை. ஒரு மாலை அவர் முக்காலியில் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். முக்காலி ஆடியது.

டமார்!

அறையின் மறுபக்கத்தில் அக்காவின் வலது கால் தரையை மிதித்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பல்பை மாட்டாமலே இறங்கி வந்தார். "இன்னொரு தரம் மிதி" என்றார். கேட்டு மிதிக்க வருமா? அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருட்டிலேயே போனைத் தடவி எடுத்து மகளைக் கூப்பிட்டு, "அம்மா மிதிச்சுட்டா, அம்மா மிதிச்சுட்டா" என்று கத்தினார். குழந்தையில் தான் முதலடி எடுத்து வைத்ததற்குக்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை என்று மகள் இப்போதும் குறைப்படுகிறாள்.

இப்போது அக்கா மறுபடியும் காரில் இருக்கிறார். ஆனால் ஒரு பாடம் முடிந்தால் அடுத்தது உடனே கிடையாது. காலுக்குக் கொஞ்சம் ஓய்வு என்று வலது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளி வளாகத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பார்க்கிறவர்கள் யாரையோ அடிக்கப் போகிறார் என்று ஒதுங்குவார்கள். முதலாளியிடம் "முடியாது" என்று சொல்ல வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். முதல் முறை சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது முறை கேட்கவில்லை. சில காலைகள் இன்னமும் கனமாகத்தான் விடிகின்றன. அன்றைக்கு "இன்னைக்கு ஏத்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் பாதி வேலை தானாகக் குறைந்துவிடும்.

ஒன்று மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை லாரி வந்தால் இந்தக் கால் என்ன செய்யும்? முக்காலிக்கு மிதித்தது வேறு, சாலையில் மிதிப்பது வேறு. இதைக் காட்டிலும் பெரிய சங்கடம் தையல்காரம்மா. வேறு யாரிடமும் கற்க மாட்டேன் என்று இத்தனை மாதம் காத்திருந்தவர், திரும்பி வந்து அந்த லாரிக் கதையைப் பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னை நம்பிக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் கதையின் உச்சம். அதைக் கேட்கிறபோதெல்லாம் அக்காவுக்கு முகத்தில் ஈயாடாது.

சென்ற வாரம் தையல்காரம்மாவுக்குத் தேர்வு. இந்த ஊர் முறைப்படி அதிகாரி பின்சீட்டில் உட்காருவார். முன்னால் ஆசிரியர் தன் வழக்கமான இடத்தில் இருப்பார், இரண்டாவது பிரேக்கோடு. ஆபத்தென்றால் மிதித்தாக வேண்டும். ஆனால் மிதித்த கணமே ஓட்டுகிறவர் தோற்றார். தேர்வு அலுவலக வளாகத்தில் காரில் ஏறி, பெல்ட் மாட்டி, இருவரும் அதிகாரிக்காகக் காத்திருந்தார்கள். தையல்காரம்மா உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு லாரிக்கு உக்காந்த மாதிரியே இருங்க அக்கா, எனக்கு அது போதும்" என்றார்.

அக்காவால் தாங்க முடியவில்லை. தேர்வுக்கு முன்னால் சொல்கிற விஷயமா இது? ஆனாலும் அந்தப் பொய்யின் மேல் இவளை ஓட்டவிட அவருக்கு மனசு வரவில்லை.

"அன்னைக்கு நான் உன்ன நம்பி உக்காரல. எனக்கு உடம்பு சரியில்ல, மனசு சரியில்ல. லாரியப் பாத்தேன். கால் வரல. நீ மிதிக்கலன்னா நாம ரெண்டு பேரும் இன்னைக்கு இங்க இல்ல. உங்கிட்ட மறைச்சது தப்பு."

கட்டிடத்திலிருந்து அதிகாரி வெளியே வருவது தெரிந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ... பின்னால உங்க கால் இருக்குன்னு ஒரு தைரியத்துல நிறுத்துனேன்னு நெனச்சேனே. கால் இல்லவே இல்லயா? முழுசா நான் மட்டுமா நிறுத்துனேன்?"

"நீ மட்டும்தான்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியா."

தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் அதிகாரி நடு வளாகத்தில் நின்றுவிட்டார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை என்றார் அக்கா. "சரி, இருங்க. ஓட்டறேன்" என்று தையல்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்தார்.

அதிகாரி அவர்களை அந்த இறக்கச் சாலைக்குத்தான் அனுப்பினார். உச்சியில் தையல்காரம்மா சொல்லாமலே கியரைக் குறைத்தார். கார் அடக்கமாக இறங்கியது. பாதியில், ஓரமாக நின்றிருந்த ஒரு வேனின் கதவு படாரென்று திறந்தது. மார்பளவு பெட்டியோடு ஒருவர், எதையும் பார்க்காமல், சாலையில் கால் வைத்தார்.

அக்காவின் கால் பாய்ந்தது. நினைப்பதற்கு முன்னால், மூச்சுக்கு முன்னால், பிரேக்குக்கு மேலே ஒரு மயிரிழையில் போய் நின்றது. நரம்பெல்லாம் துடித்தது. ஆகா, எத்தனை மாதமாயிற்று இந்தப் பயத்தைப் பார்த்து! அந்த நொடியில் அக்கா பக்கத்தில் பார்த்தார். தையல்காரம்மாவின் கண் வேனையும் கண்ணாடியையும் தொட்டுவிட்டு வந்திருந்தது. கால் அதற்குள் பிரேக்கில் இருந்தது. அக்கா மிதிக்கவில்லை. மிதிக்க முடியாமல் இல்லை, மிதிக்கத் தேவையில்லாமல். பின்சீட்டிலிருந்து பார்த்த அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான். அக்காவுக்கு மட்டும் தெரியும், இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் போன வருஷம் முழுக்கப் போயிற்று என்று. கார் நின்றது. பெட்டிக்காரர் திடுக்கிட்டுக் கை உயர்த்தி விலகினார். கார் மறுபடியும் நகர்ந்தது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்தால் அதிகாரி என்ன நினைப்பாரோ என்று அப்படியே விட்டுவிட்டார்.

திரும்பி வந்து வளாகத்தில் நிறுத்தியதும் அதிகாரி "பாஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லி, இந்த முறை தன்னை இறக்கிவிட ஞாபகம் வைத்ததற்கு நன்றியும் சொல்லி, லைசென்ஸைக் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். தையல்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காரைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். தம்பிக்குப் போன் போட்டு, இனிமேல் பிரசங்கத்தை நின்றுகொண்டே சொல் என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "பள்ளிவரைக்கும் நான் ஓட்டட்டுமா அக்கா?"

"ஓட்டுங்க" என்றார் அக்கா. தன் பக்கத்து முன்கதவை வெளியிலிருந்து சாத்தினார். பின்கதவைத் திறந்தார். அதிகாரி உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி, நன்றாகச் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.